பூ கோடையில், தண்டு குளிரில்

சமையலறைக் கூடையில் மறந்துபோன வெங்காயம் ஒருநாள் பச்சை முளையோடு கண்ணில் படும். யாரும் அதை மண்ணில் நடவில்லை, உரம் இடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. முளைக்க வேண்டிய எல்லாவற்றையும் அது தன் தோலுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. அன்றாடம் பார்ப்பதால் இதை நாம் வியப்பதில்லை.

வெங்காயத்தைப் போலவே உருண்டு திரண்ட இன்னொரு செடி இந்தப் புதிரை இன்னும் கடினமாக்குகிறது. அதன் பெயர் ஹையசிந்த். தாவரவியலில் ஹையசிந்தஸ் ஓரியண்டாலிஸ். நம் ஏரி குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு ஆங்கிலத்தில் இதே பெயர் ஒட்டியிருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பல வீடுகளின் ஜன்னல் ஓரத்தில் இடுப்பு ஒடுங்கிய ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். அதன் கழுத்தில் ஒரு ஹையசிந்த் உட்கார்ந்திருக்கும். கீழே தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று வேர்க்கற்றை. மேலே தடித்த தண்டைச் சுற்றி நீலமோ இளஞ்சிவப்போ வெள்ளையோ நெருக்கமாக மலர்ந்த பூக்கள். வெளியே பனி கொட்டும்போது அறை முழுக்க அதன் மணம் நிற்கும். தோட்டத்து மண்ணில் இதே செடி மார்ச், ஏப்ரலில்தான் பூக்கும். பருவத்துக்கு முன்பே ஒரு செடியை இப்படிப் பூக்கச் செய்வதை முன்பூப்பித்தல் என்று சொல்லலாம்.

கடையிலிருந்து வாங்கிய ஹையசிந்த்தை ஒருவர் நேராக வெதுவெதுப்பான அறையில், நல்ல வெளிச்சத்தில், வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார் என்று வையுங்கள். பூ வரும். ஆனால் தண்டு எழும்பாது. இலைகளுக்கு நடுவே பதுங்கியபடி, குட்டையாக, நசுங்கினாற்போல் அது மலர்ந்து வாடிவிடும். இன்னொருவர் அதேபோன்ற ஒரு ஹையசிந்த்தை இருட்டில், கைவிரல் விறைக்கும் குளிரில் 10, 12 வாரங்கள் போட்டு வைத்த பிறகு அறைக்குள் எடுத்து வருகிறார். அவருக்கு ஒரு சாண் உயரத்தில் பூச்சரம் எழுந்து நிற்கிறது. அக்கறையோடு சூடாக வளர்த்தால் குட்டையாகிறது, குளிரில் விட்டுவைத்தால் நிமிர்கிறது. இது ஏன்?

குமிழத்துக்குள் என்ன இருக்கிறது?

விடை தேட முதலில் ஒரு வெங்காயத்தை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில், வேர்கள் ஒட்டியிருக்கும் இடத்தில், கத்திக்குக் கொஞ்சம் கடினமாகத் தெரியும் தட்டையான பகுதிதான் செடியின் தண்டு. அதை அடித்தட்டு என்று அழைப்போம். அதன் மேல் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் சதைப்பற்றான அடுக்குகள் எல்லாம் உணவைச் சேமித்துப் பருத்த இலைகள். வெளியே காய்ந்த சருகுத் தோல், நடுவில் பச்சை முளை. இந்த அமைப்பைத்தான் நம் பாடநூல்கள் குமிழம் என்கின்றன. உருளைக்கிழங்கில் பருத்திருப்பது தண்டு. குமிழத்தில் பருத்திருப்பவை இலைகள்.

ஹையசிந்த் குமிழமும் இதே கட்டுமானம்தான். செப்டம்பரில் கடைக்கு வரும் ஒரு குமிழத்தை அதேபோல் பிளந்தால் ஒரு பெரிய வேறுபாடு தெரியும். அடுக்குகளின் நட்டநடுவில், அடித்தட்டின் மேல், வெளிறிய சிறு கூம்பு ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது முழுமையாக உருவான மஞ்சரி, அதாவது பூங்கொத்து, என்று புரியும். அடுத்த வசந்தத்தில் மலரப்போகும் ஒவ்வொரு பூவும் மணி மணியாக அங்கே இருக்கிறது. இதழ்கள், மகரந்தத் தாள்கள், சூலகம் வரை எல்லாம் தயார். இன்னும் நடப்படாத, வேரே விடாத குமிழத்துக்குள் பூ வேலை முடிந்துவிட்டது.

கடைக்கு வரும் வெங்காயத்தின் நடுவில் இப்படி ஒரு மஞ்சரி கிடையாது. இலை முளைகள் மட்டுமே இருக்கும். பல வாரக் குளிரை அனுபவித்த பிறகுதான் வெங்காயம் பூவை உருவாக்கவே தொடங்குகிறது. தோற்றத்தில் இரட்டையர் போலிருக்கும் இந்த இரண்டும் தங்கள் ஆண்டை இருவேறு விதமாக அமைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஹையசிந்த்தின் புதிர் பாதி அவிழ்ந்துவிடும்.

ஆண்டு முழுவதும் அறுத்துப் பார்த்தவர்

குமிழத்துக்குள் பூ எப்போது உருவாகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கோடையில் இலைகள் காய்ந்து விழுந்த பிறகு தோட்டக்காரர் குமிழங்களைத் தோண்டியெடுத்து அடுக்கி வைப்பார். பார்ப்பவருக்கு அது உறக்கநிலை, மாதக்கணக்கில் அசைவே இல்லாத ஓய்வு.

நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகரில் தாவர உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஆன்டன் ஹென்ட்ரிக் ப்ளாவ் இந்த ஓய்வை நம்பிவிடவில்லை. ஆண்டின் வெவ்வேறு கட்டங்களில் ஹையசிந்த் குமிழங்களை அறுத்து, அவற்றின் வளர்நுனியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, வரைந்து, அளந்தார். ஹையசிந்த்தின் பருவ ஒழுங்கு பற்றிய அந்த ஆய்வு 1920-இல் வெளியானது. ஒரே குமிழத்தை அறுத்துவிட்டு அதையே மறுபடி வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயலில் விளைந்த குமிழங்களை நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சிலவற்றை அறுத்தால் மொத்தக் கூட்டத்தின் கதை கிடைக்கும். படம் படமாக எடுத்துக் கோத்த வரலாறு அது.

அந்த வரலாறு சொன்ன செய்தி இது. இலைகள் காயும்வரை குமிழத்தின் வளர்நுனி இலை முளைகளை மட்டுமே உருவாக்கிக்கொண்டிருக்கிறது. கோடை வெயில் ஏறியதும், ஐரோப்பிய ஜூலை வாக்கில், அந்த நுனி உயர்ந்து குவிந்து வடிவம் மாறுகிறது. அதன் பக்கங்களில் கீழிருந்து மேலாகப் பூ முளைகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு முளையிலும் முதலில் வெளியிதழ்கள், பிறகு உள்ளிதழ்கள், பிறகு மகரந்தத் தாள்கள், கடைசியாகச் சூலகம். இலையுதிர் காலம் தொடங்கும்போது மஞ்சரி முழுமை பெற்றுவிடுகிறது. செடி தூங்குவதாக நாம் நினைத்த மாதங்களில்தான் அதன் ஆண்டின் மிக நுட்பமான வேலை நடக்கிறது.

ப்ளாவ் இதோடு நிற்கவில்லை. குமிழங்களைப் பல வெப்பநிலைகளில் வைத்து, எந்த வெப்பத்தில் எந்தக் கட்டம் விரைவாக முடிகிறது என்று பார்த்தார். ஹையசிந்த்தின் பூ உருவாவதற்கு மிக உகந்தது சுமார் 25.5 டிகிரி செல்சியஸ் என்பது அப்படித் தெரியவந்தது. பூவைப் படைப்பது வெப்பம். குளிருக்கு அதில் பங்கு இல்லை.

இந்த அறிவுக்கு முன்னோடியாக வயல்காரர் ஒருவரின் அனுபவமும் இருந்தது. நெதர்லாந்தின் குமிழ வயல்களுக்கு நடுவே உள்ள லிஸ்ஸ ஊரைச் சேர்ந்த நிக்கோலாஸ் டாமஸ், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குமிழங்களைச் சீக்கிரமே தோண்டியெடுத்துச் சூடான அறையில் வைத்தால் அவை முன்கூட்டியே பூக்கின்றன என்று கண்டறிந்தார். இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பூக்க வேண்டிய குமிழங்கள் இந்த வழியில்தான் தயாராகின்றன. ஜூனில் எடுத்து, ஏறத்தாழ 2 வாரம் 30 டிகிரியில் வைத்து, அடுத்து 25.5 டிகிரியில் சில வாரங்கள் வைத்து, பூ உருவாகி முடிந்ததும் 17 டிகிரிக்கு இறக்குவார்கள். கடைகளில் இவை பக்குவப்படுத்திய குமிழம் என்று தனியாக, கூடுதல் விலைக்கு விற்கப்படும்.

இந்தச் சூட்டறை குளிருக்கு மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பூ உருவாகும் கட்டத்தை மட்டுமே முன்னால் இழுத்துவிடுகிறது. பூ சீக்கிரம் தயாரானால் குளிரையும் சீக்கிரம் தொடங்கலாம். குளிரை விட்டுவிட மட்டும் முடியாது.

பிறந்த மண்ணின் பருவம்

ஏன் இந்த வரிசை? முதலில் வெப்பம், பிறகு குளிர், பிறகு இளஞ்சூடு என்று ஒரு செடி ஏன் கேட்க வேண்டும்? அதற்கு ஹையசிந்த்தின் பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

தென் துருக்கி, சிரியா, லெபனான் மலைச்சரிவுகளில் இது காட்டுச் செடி. அங்கே கோடையில் மழையே இருக்காது. மண் காய்ந்து வெடிக்கும். இலையை விரித்து வைத்துக்கொண்டிருந்தால் நீரை இழந்து சாகத்தான் வேண்டும். ஆகவே செடி வசந்தத்திலேயே தன் வேலையை முடித்து, உணவைக் குமிழத்தில் சேர்த்துவிட்டு, இலையை உதிர்த்துவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும் குமிழத்துக்குக் கோடை வெப்பம் பூவை உருவாக்கும் நேரம். இலையுதிர் காலத்தில் மழை வரும்போது அது வேர்விடும்.

இந்த இடத்தில்தான் ஆபத்து. இலையுதிர் கால மழையும் இதமான வெயிலும் வசந்தத்தைப் போலவே இருக்கும். அதை நம்பிப் பூந்தண்டை வெளியே நீட்டிவிட்டால் அடுத்து வரும் உறைபனி அதைக் கருக்கிவிடும். பூவும் போய், விதையும் போய், ஓர் ஆண்டின் சேமிப்பும் வீணாகும். வசந்தத்தையும் அதைப் போலத் தோன்றும் இலையுதிர் காலத்தையும் பிரித்தறிய ஒரே நம்பகமான வழி, நடுவில் ஒரு நீண்ட குளிர்காலம் வந்து போயிற்றா என்று பார்ப்பது. ஹையசிந்த் அதைத்தான் செய்கிறது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. மத்தியதரைக் கடலோரத்தின் மிதமான குளிர்காலத்துக்குப் பழகிய ஒரு வகை வெள்ளை நார்சிசஸ் செடி உண்டு. அதுவும் குமிழம்தான், அதையும் ஐரோப்பியர் கூழாங்கல்லும் தண்ணீரும் இட்ட கிண்ணத்தில் பூக்க வைக்கிறார்கள். அதற்குக் குளிர்ப் பருவமே வேண்டாம். நட்ட சில வாரங்களில் பூத்துவிடும். உறைபனி அரிதான இடத்தில் வாழ்ந்த செடிக்குக் குளிரை எண்ணிப் பார்க்கும் தேவை எழவில்லை.

குளிரை எண்ணும் கணக்கு

ஒரு செடி குளிரை எப்படி எண்ணும்? வீட்டில் குழந்தைகள் காசு சேர்க்கும் மண் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நாள் ஒவ்வொன்றும் அதில் ஒரு காசு. எல்லாக் காசும் செல்லுபடியாகாது. ஹையசிந்த்துக்கு 5 முதல் 9 டிகிரி வரையிலான குளிர் முழு மதிப்புள்ள நாணயம். உறைநிலைக்குக் கீழே போனால் உள்ளே வேலை நின்றுவிடும், காசு விழாது. அறையின் வெதுவெதுப்பிலும் விழாது. உண்டியல் நிறைய 10 முதல் 14 வாரங்கள் ஆகும், பக்குவப்படுத்திய குமிழத்துக்குச் சற்றுக் குறைவு. பாதி உண்டியலோடு வெளியே எடுத்தால் பாதித் தண்டுதான் எழும்பும். அளவுக்கு மீறிக் குளிரில் விட்டாலும் நல்லதல்ல. தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து பூவின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

குளிர் நடக்கும் காலத்தில் பூக்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. குளிருக்கு முன்னும் பின்னும் குமிழங்களை அறுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே ஹையசிந்த்தில் குளிரின் பணி பூவை உருவாக்குவது அல்ல, தண்டு நீள வழி திறப்பது. வெங்காயத்திலும் குளிர்காலக் கோதுமையிலும் நடப்பது வேறு. அங்கே குளிர், பூவை உருவாக்கும்படி வளர்நுனிக்கு உத்தரவு கொடுக்கிறது. அதைத்தான் தாவரவியலார் தட்பப்பதனம் என்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரில் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் தோட்டத்தில் பல தவறுகள் குறையும்.

தண்டு நீள்வது என்றால் என்ன? புதிய செல்கள் பெருகுவதால் அந்த நீளம் பெரும்பாலும் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சிப் பல மடங்கு நீள்வதால்தான் சில நாள்களில் ஒரு சாண் உயரம் கிடைக்கிறது. நீளும் முன்னும் பின்னும் தண்டின் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் செல்கள் நீண்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, செல்லுக்குள் நீரை இழுக்கும் விசை. குமிழத்தின் அடுக்குகளில் உணவு மாவுச்சத்தாக, அதாவது ஸ்டார்ச்சாக, அடைந்து கிடக்கிறது. ஸ்டார்ச் பெரிய மூலக்கூறு, நீரில் கரையாதது. செல்லுக்குள் சும்மா கிடந்தால் நீரை ஈர்க்காது. ஹையசிந்த்தின் நெருங்கிய தோழனான துலிப்பில் குளிர் வாரங்களைத் தொடர்ந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டார்ச் குறைந்துகொண்டே போகிறது, கரையும் சர்க்கரைகள் கூடிக்கொண்டே வருகின்றன. சர்க்கரை கரைந்த செல்லுக்குள் சவ்வூடு பரவலால் நீர் பாய்கிறது. வளரும் திசுக்களுக்கு எரிபொருளும் அதே சர்க்கரைதான்.

இரண்டாவது, செல்லின் சுவர் தளர வேண்டும். சுவர் விறைத்திருந்தால் எவ்வளவு நீர் வந்தாலும் செல் நீளாது. இங்கே ஹார்மோன்கள் வருகின்றன. துலிப்பின் இளம் தண்டில் பூமொட்டைக் கிள்ளியெடுத்துவிட்டால் தண்டு நீள்வது நின்றுவிடும். வெட்டிய இடத்தில் ஆக்சின் என்னும் ஹார்மோனைத் தடவினால் மறுபடி நீளும். மொட்டிலிருந்து கீழிறங்கும் ஆக்சின்தான் தண்டை நீளச் செய்கிறது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அதேபோல் ஜிப்ரெல்லின் என்ற இன்னொரு ஹார்மோனைச் செலுத்தினால் துலிப்பில் குளிரின் தேவை ஓரளவு குறைகிறது. குளிர் வாரங்களில் செடிக்குள் நடப்பதில் ஒரு பகுதி இந்த ஹார்மோன் வழியே நடக்கிறது என்பதற்கு அது சான்று. ஒன்றை நீக்கி, ஒன்றைச் சேர்த்து, விளைவு மாறுகிறதா என்று பார்ப்பது எளிய முறை. இன்று நாம் செடிகளின் ஹார்மோன்களைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி அப்படிக் கிடைத்ததே.

குடுவை, நீர், இருட்டு

மண்ணே இல்லாமல் தண்ணீரில் குமிழம் பூப்பதை 1730-களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டன் ட்ரீவால்ட் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நீர் நிரப்பிய புட்டியின் வாயில் வைத்த குமிழங்கள், மண்ணில் நட்டவற்றைவிட முன்பே பூத்தன என்பது அவர் கண்டது. செல்ஸீ மருந்துச்செடித் தோட்டத்தின் தலைவர் பிலிப் மில்லரும் இதைச் செய்து பார்த்து எழுதினார். அதன் பின் ஹையசிந்த்துக்கென்றே கழுத்து ஒடுங்கிய கண்ணாடிக் குடுவைகள் ஐரோப்பாவெங்கும் பரவின. உணவு முழுவதும் குமிழத்துக்குள் இருப்பதால் தண்ணீர் மட்டும் போதும்.

குடுவையில் வளர்க்க விரும்புவோர் செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு.

குமிழத்தின் சுற்றளவு 17, 18 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பெரிய குமிழத்தில் உணவும் மிகுதி, கோடையில் உருவான பூக்களும் மிகுதி. கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், அடித்தட்டில் பூஞ்சணம் இருக்கக்கூடாது. தொடும்போது கையுறை அணிவது நல்லது. சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இதன் தோலிலும் உண்டு. குமிழ வயல்களில் வேலை செய்வோருக்கு இந்த அரிப்பு பழகிய தொல்லை. இதைத் தின்னக்கூடாது. வெங்காயத்தோடு கலந்துவிடாத இடத்தில், குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதபடி வைக்க வேண்டும்.

நீர் குமிழத்தின் அடியைத் தொடக்கூடாது. சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். குமிழம் உயிருள்ள பொருள், அதுவும் மூச்சு விடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெது. அடித்தட்டு நீரில் மூழ்கினால் மூச்சுத் திணறி, பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து அழுகும். இடைவெளியில் நிற்கும் ஈரக்காற்றே வேரைத் தூண்டப் போதும். வேர் நீண்டு தானே நீரைத் தொட்டுவிடும்.

அடுத்தது குளிர். ஐரோப்பியர் நிலவறையிலோ, சூடாக்காத கொட்டகையிலோ வைக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டும் ஆகும். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள், வாழை, மாம்பழம் போன்ற பழுக்கும் பழங்களை வைக்கக்கூடாது. அவை வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருகச் செய்துவிடும். எத்திலீன் செடிகளைப் பாதிக்கும் என்று முதலில் காட்டியவர் ரஷ்யாவின் டிமித்ரி நெல்யுபோவ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கவனித்து, விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1901-இல் அவர் வெளியிட்டார்.

குளிரோடு இருட்டும் வேண்டும். வெளிச்சம் இல்லாதபோது முளை சற்று நீண்டு குமிழத்தின் கழுத்தைத் தாண்டி வருகிறது. அதற்குள் வேர் நன்றாக இறங்கிவிடும், நீரில் பாசியும் படியாது. ஹையசிந்த்தின் வேர்கள் கிளைக்காதவை, ஒடிந்தால் அந்த வேர் மறுபடி வளராது. நீரை மாற்றும்போது வேரைத் தொடாமல் இருக்க வேண்டும். மண்ணில் இதே வேர்களுக்கு இன்னொரு திறமையும் உண்டு. அவை நீளவாக்கில் சுருங்கிக் குமிழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு இழுக்கின்றன. மேலே கிடந்த இளம் குமிழம் உறைபனியும் வெயிலும் எட்டாத ஆழத்தை அடைவது இப்படித்தான்.

முளை 4, 5 சென்டிமீட்டர் உயர்ந்து, விரலால் தொட்டால் அதற்குள் கெட்டியான மொட்டு தட்டுப்படும்போது வெளியே எடுக்கலாம். உடனே வெயிலுக்கும் சூட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். சில நாள் குளிர்ச்சியான மங்கிய இடத்தில் வைத்து, வெளிறிய முளை பச்சையானதும் வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். 15 முதல் 18 டிகிரி அறையில் இரண்டு, மூன்று வாரத்தில் பூ மலரும். அறை எவ்வளவு சூடோ அவ்வளவு விரைவாகப் பூ வாடும். சென்னை, மதுரை வெப்பத்தில் குளிர்சாதனப் பெட்டியின் உதவியோடு பூக்க வைத்தாலும் அதன் ஆயுள் குறைவு. ஸ்ரீநகரில் 2007-இல் திறந்த துலிப் தோட்டத்தில் ஹையசிந்த்தும் வசந்தத்தில் மண்ணிலேயே பூக்கிறது, அந்தக் குளிர்காலமே அதன் உண்டியலை நிரப்பிவிடுகிறது.

பூத்த பின் குமிழத்தின் நிலை

பூ வாடியதும் குமிழத்தைத் தொட்டால் அது தளர்ந்து மெலிந்திருக்கும். ஓர் ஆண்டின் சேமிப்பு முழுவதும் தண்டுக்கும் இலைக்கும் பூவுக்கும் போய்விட்டது. தண்ணீரில் சத்து இல்லை, குளிர்கால ஜன்னலில் வெயிலும் போதாது. அதனால் இதையே அடுத்த ஆண்டு குடுவையில் வைத்தால் பூக்காது. தோட்டம் இருப்பவர்கள் வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டு, இலைகளைப் பச்சையாகவே விட்டு, மண்ணில் நட்டுவிடலாம். இலை ஒளிச்சேர்க்கை செய்து அடுக்குகளை மறுபடி நிரப்பும். துலிப் குமிழம் ஆண்டுதோறும் கரைந்து புதிய குமிழத்துக்கு இடம் விடுகிறது. ஹையசிந்த்தின் குமிழம் அதே உடலோடு பல ஆண்டு வாழ்வது. ஆகவே ஓரிரு ஆண்டுகள் கழித்து, முன்னைவிடக் குறைவான பூக்களோடு, அது தோட்டத்தில் மலரக்கூடும்.

இலை பச்சையாக இருக்கும்போதே அழகுக்காக அதை வெட்டிவிடுவது பலரும் செய்வது. அது குமிழத்தின் அடுத்த ஆண்டு உணவை வெட்டுவதற்குச் சமம். உணவில்லாத குமிழம் கோடையில் பூவை உருவாக்காது, பூ உருவாகாத குமிழத்துக்கு எத்தனை வாரக் குளிர் கொடுத்தும் பயனில்லை.

வெப்பநிலையே நாட்காட்டி

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். குமிழம் தேதி பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய வெப்பநிலை, போதிய காலம், சரியான வரிசையில் கிடைத்ததா என்றே பார்க்கிறது. ப்ளாவும் அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இடா லாய்டன், ஆனி ஹார்ட்செமா ஆகியோரும் 1930 வாக்கில் இந்த அறிவைக் கொண்டு இன்னும் துணிவான கேள்வியை ஆராய்ந்தார்கள். பருவங்கள் தலைகீழாக இருக்கும் தென் அரைக்கோள நாடுகளுக்குக் குமிழங்களை அனுப்ப, சேமிப்பு அறையின் வெப்பநிலையை மட்டும் மாற்றி அவற்றின் ஆண்டை நகர்த்த முடியுமா என்பது அது. செடியின் ஆண்டு வானத்தில் எழுதப்பட்டதல்ல, வெப்பமானியில் எழுதப்பட்டது என்று அந்த ஆய்வுகள் உறுதி செய்தன. முன்பூப்பித்தல் என்பது செடியை வற்புறுத்துவதாகத் தோன்றலாம். அது கேட்டதை, கேட்ட வரிசையில், வேறொரு மாதத்தில் கொடுப்பதே அந்தக் கலை.

இதன் பயன் பூக்களோடு முடிவதில்லை. ஆப்பிள், பீச், செர்ரி மரங்களின் மொட்டுகளும் குளிரை எண்ணுகின்றன. பழத்தோட்ட ஆய்வாளர்கள் 7.2 டிகிரிக்குக் கீழே கழிந்த மணிநேரங்களைக் கூட்டி, ஒரு குளிர்காலம் போதுமா என்று கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். கணக்கு நிறையாத ஆண்டில் மொட்டுகள் முன்னும் பின்னுமாக அவிழும், காய்ப்பு குறையும். இமாசலப் பிரதேசத்தில் குளிர் குறைந்துவரும் தாழ்ந்த சரிவுகளில் ஆப்பிள் பின்வாங்கி, மாதுளை போன்ற மரங்கள் இடம்பிடித்திருக்கின்றன. ஆப்பிள் இன்னும் உயரமான பள்ளத்தாக்குகளுக்கு ஏறிப்போகிறது. இஸ்ரேலில் உருவான அன்னா போன்ற, குறைந்த குளிரே போதும் என்கிற ஆப்பிள் வகைகள் சமவெளிகளிலும் காய்க்கின்றன.

உலகம் சூடாகும்போது செடிகளுக்கு வெப்பம் தாங்குமா என்று மட்டும் கேட்கிறோம். அவற்றுக்கு வேண்டிய குளிர் கிடைக்குமா என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. ஹையசிந்த்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஒரு மலைச்சரிவு முழுவதும் நிற்கும் ஆப்பிள் மரங்களை அப்படி வைக்க முடியாது. எந்தச் செடி எந்தக் கட்டத்தில் எவ்வளவு குளிர் கேட்கிறது என்று ப்ளாவைப் போல அறுத்தும் அளந்தும் அறிந்து வைத்திருக்கிற நாடுதான், எந்தச் சரிவில் எந்த மரத்தை நடுவது என்று காலம் கடப்பதற்கு முன்பே முடிவெடுக்க முடியும்.